பழைய சிடியின் முதல் செஷனைத் திறக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் அப்பத்தாவின் கடைசிப் பொங்கல் படங்கள் ஒரு சிடி-ஆரில் மட்டும்தான் இருக்கின்றன. 2006இல் எழுதியது, அதுதான் முதல் செஷன் (ஒரே தடவையில் எழுதிய தொகுதி). சில மாதம் கழித்து, மிச்சமிருந்த இடத்தில் வேறு கோப்புகளையும் சேர்த்தேன். இப்போது கணினியில் போட்டால் பின்னால் சேர்த்தவை மட்டுமே தெரிகின்றன.

படங்கள் அழிந்திருக்காது என்றே நம்புகிறேன். சிடி-ஆரில் தகவல் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே சுருள் தடத்தில் பதிகிறது. எழுதிய இடத்தைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இரண்டு வளையங்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. ஒவ்வொரு செஷனுக்கும் தனி லீட்-இன் (தொடக்கப் பகுதி), தனி லீட்-அவுட் (முடிவுப் பகுதி) உண்டு. சிடியில் கோப்புகளை அடுக்கும் ஐஎஸ்ஓ 9660 முறையில், செஷன் தொடங்கி 16 செக்டார் (சிறு தகவல் துண்டு) தள்ளி அதன் விவரப் பகுதி இருக்கும். கணினி கடைசி செஷனின் விவரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் முறை எழுதும்போது பழைய செஷனை இணைக்காமல் விட்டுவிட்டேன், அதனால் புதிய பட்டியலில் பழைய படங்களுக்கு இடமே இல்லை.

லினக்ஸில், வட்டைத் திறக்கும் மவுண்ட் கட்டளையோடு செஷன் எண்ணைக் கொடுத்துத் திறந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அல்லது விண்டோஸில் ஐசோபஸ்டர் என்ற சிடி மீட்பு மென்பொருள் போதுமா? அப்புறம், லேபிள் பக்கம் ஒரு கீறல் இருக்கிறது. பிரதிபலிக்கும் படலம் அந்தப் பக்கத்து அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால் பயமாக இருக்கிறது. அடிக்கடி சுழலவிடாமல், டிடிரெஸ்க்யூவில் (பழுதான வட்டுகளை நகலெடுக்கும் மென்பொருள்) 2048 பைட் செக்டார் அளவு வைத்து முதலில் முழு நகல் எடுப்பது நல்லதா? செய்து பார்த்தவர்கள் படிப்படியாகச் சொன்னால் பெரிய உதவி.