ஒரே தண்டில் நான்கு கோவா

வெள்ளவத்தையிலிருந்து:

மொட்டை மாடியில் பன்னிரண்டு பைகளில் கோவா (முட்டைக்கோஸ்) வைத்தேன். மூன்று நாற்றுப் பருவத்திலேயே அடி அழுகிச் சாய்ந்தன, ஐந்தை நத்தைகள் முடித்தன, மூன்று தேங்காய்ச் சிரட்டை அளவிலாவது உருண்டை கட்டின. நான் எழுத வந்தது பன்னிரண்டாவது செடியைப் பற்றித்தான். மற்றவற்றை விட அது செழிப்பாக நின்றது. அகன்ற இலைகள், தடித்த தண்டு, நீலம் பாய்ந்த பச்சை நிறம். ஆனால் பத்தாவது வாரத்தில் இலைகளை விலக்கிப் பார்த்தபோது நடுவில் குருத்தே இருக்கவில்லை. அது இருந்திருக்க வேண்டிய இடத்தைச் சுற்றி, எலுமிச்சங்காய் அளவில் நான்கு சிறிய உருண்டைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன.

சுன்னாகத்தில் செம்மண் தோட்டத்தில் கோவா செய்த குடும்பத்தில் பிறந்தவர் அம்மா. முழங்கால் வலியோடு படியேறி வந்து அந்தச் செடியை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இதிலே எதைப் பிள்ளை வெட்டுறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. நான்கையும் வெட்டி எடுத்துவிட்டேன். அடித்தண்டு இன்னும் பையிலேயே நிற்கிறது. எங்கே தவறு நடந்தது என்பது தெரியாமல் அடுத்த நாற்றை நட மனம் வரவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

தங்கச்சி, இதற்குக் காரணம் வெப்பம்தான். நானும் ஒருமுறை கோலிபிளவர் வைத்து, ஒரு பொத்தான் அளவில் பூ வந்து அப்படியே மஞ்சளாகிப் போனதைப் பார்த்தவன். அதற்குமேல் என் கதையில் சொல்ல ஒன்றுமில்லை. இனி வைப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். கோவா நன்றாக உருண்டை கட்டுவதற்கு ஏறத்தாழ 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலை விருப்பமானது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே அது இயல்பாகவே கிடைக்கிறது. கொழும்பில் தை மாத விடியற்காலையில்கூட அந்தக் குளிர் அரிதாகத்தான் கிடைக்கும். ஆகவே விதை வாங்கும்போது வெப்பத்தைத் தாங்கும் கலப்பின வகையா என்று கேட்டு வாங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கோவா விளைவதும் அத்தகைய வகைகளாலும், மாரியை ஒட்டிய மாதங்களைத் தேர்ந்தெடுப்பதாலும்தான். வெறும் சிலாப்பின் மீது பையை வைத்தால் வேர் வெந்துவிடும். கீழே ஒரு பலகையையாவது போட்டு, பிற்பகல் வெயிலுக்கு நிழல் வலை கட்ட வேண்டும். இவ்வளவு பாடுபட விரும்பாதவர்கள் நோக்கோல் வைக்கலாம். அதன் தண்டு ஏறத்தாழ இரண்டு மாதங்களில் கிழங்கு போலப் பருக்கும், இலையை வறைக்கு எடுக்கலாம், உருண்டை கட்டுமா என்ற கவலையும் இல்லை. கடுகுக் கீரை அதைவிடச் சுலபமானது. கொழும்பு மண் பெரும்பாலும் புளிப்பானது என்பதால் நடுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் தூளைக் கலந்து வைப்பதும் நல்லது.

தெகிவளையிலிருந்து:

அண்ணா சொன்னதில் வெப்பநிலை பற்றிய பகுதி சரியானது. ஆனால் அது இந்தச் செடிக்குப் பொருந்தாது. அதே மாடியில், அதே வெயிலில், அதே வாரத்தில் நட்ட மூன்று செடிகள் சிறிதாகவேனும் உருண்டை கட்டியிருக்கின்றன என்று அக்கா எழுதியிருக்கிறார். வெப்பம் ஒரு செடியை மட்டும் தேடிப் போய் அதன் குருத்தை இல்லாமல் செய்யாது. வெயிலின் தொல்லை என்றால் இலைகள் விரிந்தபடியே நிற்கும், உருண்டை தளர்வாக இருக்கும். தண்டு நான்காகக் கிளைக்காது.

இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2022 ஆனியில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்வதற்காக வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்கப்பட்டபோது நானும் ஒரு மேட்டுப்பாத்தி போட்டேன். பொருளாதார நெருக்கடியில் மரக்கறி விலை ஏறிக் கிடந்த நேரத்தில் அதை விளையாட்டாக ஒருவரும் செய்யவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகளும் மாமியும் இருந்தார்கள். நட்டு மூன்றாவது வாரம், மின்சாரம் இல்லாத ஓர் இரவில், டோர்ச் வெளிச்சத்தில் ஒரு நாற்றின் குருத்தைக் குனிந்து பார்த்தேன். இளம் இலைகள் இரண்டு மெல்லிய நூலால் ஒன்றோடொன்று ஒட்டித் தைக்கப்பட்டிருந்தன. ஈர்க்கிலால் பிரித்தபோது உள்ளே ஈரமான எச்சமும், தண்டுக்குள் இறங்கும் ஒரு துளையும் தெரிந்தன. அந்தத் துளையிலிருந்து, உடலில் நீளவாக்கில் கோடுகள் கொண்ட ஒரு சின்னப் புழு தலையை நீட்டி, வெளிச்சம் பட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது. பாத்தியில் இருந்த இருபது செடிகளில் பதினான்கில் அதே துளை இருந்தது. அந்த இழுத்துக்கொண்ட தலை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அதுதான் குருத்தில் வலை பின்னும் புழு. அறிவியற் பெயர் ஹெலுலா உன்டாலிஸ். அது வளரும் நுனியைத் தின்றுவிட்டால், இளம் செடி பெரும்பாலும் செத்துவிடும். தப்பிப் பிழைத்தால் பக்க மொட்டுகள் விழித்து ஒவ்வொன்றும் தனித்தனியே உருண்டை கட்டப் பார்க்கும், ஒன்றும் பெருக்காது. இலையில் கண்ணாடி போல மெல்லிய தோலை மட்டும் விட்டுச் சுரண்டும் வைரமுதுகு அந்தின் புழு வேறு. அதைத் தொட்டால் துள்ளிப் பின்வாங்கி நூலில் தொங்கும், ஆகவே கண்ணில் படும். இது உள்ளே இருப்பதால் படாது.

மருந்தடிக்கச் சொல்லி யாராவது எழுதுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வைரமுதுகு அந்து டிடிடி மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டது என்பது ஜாவாவில் 1953 இலேயே பதிவானது. வாரத்துக்கு வாரம் ஒரே மருந்தை அடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. துளைக்குள் போன புழுவை மேலே தெளிக்கும் மருந்து எட்டவும் மாட்டாது. நட்ட நாளிலிருந்து முதல் ஐந்து வாரங்களுக்கு நாற்றுகளை நுளம்பு வலையால் மூடி, வலையின் ஓரத்தை மண்ணில் புதைத்து வைப்பதும், காலையில் ஒவ்வொரு குருத்தையும் பார்ப்பதுமே எனக்குப் பயன் தந்தன.

வத்தளையிலிருந்து:

என்னுடையது மண்ணுக்கு உள்ளே நடந்தது. மலைநாட்டிலிருந்து ஒருவர் கொண்டு வந்து தந்த நாற்றுகளை, வேரோடு ஒட்டியிருந்த மண்ணையும் சேர்த்து நட்டேன். பகலில் வாடும், இரவில் நிமிரும். நீர் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றினேன். ஒரு நாள் பிடுங்கியபோது கையில் வந்தது வேர் அல்ல, இஞ்சிக் கிழங்கு போலப் பருத்த ஒரு கட்டி. அதை மகளிடம் காட்டியபோது அவள் தொட மறுத்துவிட்டாள். அந்தப் பாத்தியில் இப்போது வெண்டி மட்டும் வைக்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அது வேரைத் தாக்கும் நுண்ணிய வட்டப்புழுவாக இருக்கலாம். கொழும்பில் அதுதான் அதிகம். நாற்றைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

வத்தளையிலிருந்து:

ஐயா, வட்டப்புழு என்றால் வேர் நெடுகச் சிறு மணிகள் கோத்தது போல முடிச்சுகள் இருக்கும். அதை என் தக்காளியில் பார்த்திருக்கிறேன். இது வேர் முழுவதும் ஒன்றாகப் பருத்து, இரு முனையும் கூராக இருந்தது. விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்து விவரித்தபோது, மண்ணில் இருக்கும் கிருமியால் வரும் வேர்க்கழலை நோய் என்றே சொன்னார்கள். அந்தக் கிருமியின் வித்திகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும் என்றும், கோவாக் குடும்பத்தைச் சேர்ந்த எதையும் அங்கே வைக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். முள்ளங்கியும் அந்தக் குடும்பம்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நீங்கள் சொல்லும் டொலமைட் நோயைக் குறைக்க உதவலாம், ஆனால் வந்துவிட்ட மண்ணைத் துப்புரவாக்காது. அன்போடு தந்த நாற்று என்பதால் தந்தவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் தோட்டத்திலும் அது இருக்குமே என்ற நினைப்புத்தான் உறுத்துகிறது.

வெள்ளவத்தையிலிருந்து:

தெகிவளைத் தங்கச்சி எழுதியதை வாசித்துவிட்டு உடனே மாடிக்குப் போய், பையில் நின்ற அடித்தண்டைப் பிடுங்கி நடுவே பிளந்தேன். நான்கு கிளைகளும் பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, விரல் மூட்டு நீளத்துக்கு ஒரு துளை, தக்கை போல் காய்ந்த சுவரோடு இருந்தது. உள்ளே புழு இல்லை. கபில நிறத்தில் பழைய எச்சம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. முதல் மாதம் முழுவதும் இலைகளின் அடிப்புறத்தைத் தினமும் திருப்பிப் பார்த்த நான், குருத்தை ஒருநாளும் விரித்துப் பார்க்கவில்லை.

பிளந்த தண்டை அம்மாவிடம் கொண்டு போய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் நுனியால் அந்தத் துளையைத் தடவிப் பார்த்தார். அவருடைய பழைய நுளம்பு வலை வேண்டும் என்று கேட்டபோது, ஒரு பக்கம் கிழிந்திருப்பதால் தைத்துத் தருவதாகச் சொன்னார். இன்று மாலையிலிருந்து ஊசியும் நூலுமாக அமர்ந்திருக்கிறார்; நாற்றுத் தட்டில் எட்டு முளைத்திருக்கின்றன.