ஷெல் ஸ்கிரிப்ட்: காணொளியில் விளங்குகிறது, கையில் வருவதில்லை

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

வணக்கம். நான் ஒரு புகைப்படக் கடையில் வேலை செய்கிறேன். இரண்டு மாதமாகப் பேஷ் பற்றிய, அதாவது தட்டச்சு செய்த கட்டளைகளை இயக்கும் ஷெல் நிரல் ஒன்றைப் பற்றிய காணொளிகளைப் பார்த்து வருகிறேன். பார்க்கும்போது எல்லாம் விளங்குகிறது, கட்டளைகளைத் தட்டும் வெறும் முனையத்தின் முன் உட்கார்ந்தால் ஒரு வரிகூட ஓடுவதில்லை. தைப்பூசத்தன்று பத்துமலையில் எடுத்த படங்கள் கேமராவுக்கு ஒன்றாக இரண்டு கோப்புறைகளில் இருக்கின்றன. அவற்றை ஒரே கோப்புறைக்கு நகர்த்த, ஒவ்வொரு கோப்புக்கும் அதே கட்டளையைத் திரும்ப ஓட்டும் ஃபார் சுற்று ஒன்றை எழுதினேன். 'காவடி முதல் நாள் 12' என்பதுபோல் இடைவெளியுள்ள பெயர்கள் அனைத்துக்கும் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்றே பிழை வருகிறது. மீண்டும் பாடத்திற்கே திரும்புவதா?

பதில் 1 (பட்டர்வொர்த்)

திரும்ப வேண்டாம், இந்தப் பிழையே நல்ல பாடம்தான். மேற்கோள் குறிக்குள் இடப்படாத மாறியை (கோப்பின் பெயரை ஏந்தி நிற்கும் சொல்லை) ஷெல் முதலில் அதன் மதிப்பாக விரித்து, பிறகு இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் துண்டாக்கும் என்பதால், உங்கள் ஒரே கோப்பு, கோப்புகளை நகர்த்தும் எம்வி கட்டளையின் கண்ணுக்கு 'காவடி', 'முதல்', 'நாள்', '12' என நான்கு கோப்புகளாகத் தெரிகிறது. டாலர் குறியோடு மாறியை இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். சுற்றுக்கு, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் வெளியீட்டைக் கொடுத்திருந்தால் அதையும் நீக்கிவிட்டு, எல்லாப் பெயர்களையும் குறிக்கும் நட்சத்திரக் குறியை நேரடியாக எழுதுங்கள். இல்லையேல் மேற்கோள் குறி இட்டும் பயன் இராது. இருபது படங்களை மட்டும் வேறிடத்தில் நகலெடுத்து, எம்விக்கு முன்னால் எக்கோ என்று சேர்த்து ஓட்டினால், எதுவும் நகராமல் கட்டளைகள் மட்டும் திரையில் அச்சாகும். நான் பழகியது இப்படித்தான்.

பதில் 2 (ஜெலுத்தோங், பினாங்கு)

மேலே சொன்னது சரியே, ஆனால் எக்கோவை முழுமையாக நம்ப முடியாது. துண்டான சொற்களை அது மீண்டும் இடைவெளி விட்டே சேர்த்துக் காட்டுவதால், பிழையுள்ள வரியும் சரியான வரியும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்கிரிப்டை 'பேஷ் மைனஸ் எக்ஸ்' என்று ஓட்டினால், இடைவெளியுள்ள பெயரை மேற்கோள் குறியோடு காட்டும். துண்டானது எது என்பது அப்போது தெரிந்துவிடும்.

இன்னொன்று. இரண்டு கேமராக்கள் என்கிறீர்கள். ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருந்தால், ஸ்கிரிப்டுக்குள் ஓடும் எம்வி பொதுவாக எதுவும் கேட்காமல் பழையதன்மேல் புதியதை எழுதிவிடும். குப்பைத்தொட்டியில் தேடியும் பயனில்லை. எம்வியோடு 'மைனஸ் என்' சேர்த்தால் அப்படிப்பட்ட கோப்பைத் தொடாமல் விட்டுவிடும். கடைக் கணினி மேக் என்றால், ஆப்பிள் அதில் தந்திருக்கும் பேஷ் 3.2 பதிப்பு என்பதையும் நினைவில் வையுங்கள். 2009இல் வந்த 4.0 பதிப்பின் வசதிகளைக் கற்பிக்கும் காணொளிகள் அதில் பலிக்கமாட்டா.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நகலெடுத்த இருபதில் பதினெட்டு நகர்ந்தன. இரண்டு பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. திறந்து பார்த்தால், இரண்டு கேமராவிலும் அதே பெயர், ஆனால் வேறு வேறு காவடிகள். கோப்புறையின் பெயரைக் கோப்பின் பெயருக்கு முன்னால் சேர்க்கும் வரியை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.