காயில் கட்டி வந்த டைனமோ சார்ஜ் ஏறலையா? உங்க அனுபவத்த சொல்லுங்க

காவேரிப்பட்டணம் மார்க் 2
அப்பாவோட அம்பாசடர், பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது லூகாஸ் டைனமோ. கிருஷ்ணகிரில ஒரு கடைல ஆர்மேச்சர் (உள்ள சுத்துற பாகம்) காயில் கட்டி, புது பிரஷ் (கார்பன் துண்டு), புஷ் எல்லாம் போட்டு வாங்கிட்டு வந்து மாட்டுனா டேஷ்போர்டு சிவப்பு லைட்டு அணையவே மாட்டேங்குது. கடைக்காரர் வண்டிய திரும்பிக்கூட பாக்காம ரெகுலேட்டர் (சார்ஜ கட்டுப்படுத்துற பெட்டி) போச்சு, பேசாம ஆல்டர்னேட்டர் போட்டுடுங்கன்னுட்டார், அது எனக்கு இன்னும் ஆறல. ஏன்னா எதுவுமே போகல! எங்க ஊர்ல லாரி ஒயரிங் பாக்குற பெரியவர் வந்து டைனமோல டி (கரண்டு வெளிய வர்றது), எஃப் (உள்ள காந்தம் உண்டாக்குற ஃபீல்டு காயிலுக்கு போறது) ரெண்டு ஒயரையும் கழட்டிட்டு, பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு ஒயர இழுத்து அந்த சின்ன எஃப் டெர்மினல்ல தொட்டு தொட்டு எடுத்தார். பொடிசா ஒரு பொறி. "உள்ள காந்தம் செத்துப் போச்சு தம்பி, இப்ப புடிச்சுக்கும்"னார். ஒயர மாட்டி ஸ்டார்ட் பண்ணி ரேஸ் குடுக்க குடுக்க சிவப்பு அப்படியே மங்கி அணைஞ்சுது, ஆம்மீட்டர் முள்ளு மைனஸ்ல இருந்து பிளஸ் பக்கம் தாண்டுச்சு. அப்பா கை தட்டிட்டார்.

தர்மபுரி ஜீப்
பெரியவர் பண்ணது லூகாஸுக்கு சரி. ஆனா இத படிச்சுட்டு எல்லாரும் எஃப்ல பேட்டரிய தொடாதீங்க! என்னோட பழைய வில்லிஸ் டைப் ஜீப்ல ஃபீல்டுக்கு எர்த்து ரெகுலேட்டர் வழியா போகுது, அதுக்கு ரெகுலேட்டர்ல பேட்டரி டெர்மினலையும் ஆர்மேச்சர் டெர்மினலையும் ஒரு நொடி ஒயரால சேத்து எடுக்கணும், அவ்வளவுதான். நமக்கு தொப்பூர் கணவாய்ல நைட்டு ஹெட்லைட்டு மங்கிட்டே வந்துச்சு, பின்னாடி லாரி, அந்த பயம் இன்னும் போகல.

ஓசூர் மைனர்
எனக்கும் இதே கதைதான், மோரிஸ் மைனர், பல வருஷம் ஷெட்ல கெடந்த வண்டி. காவேரிப்பட்டணம் தம்பிக்கு ஒண்ணு, பிளஸ்ஸ தொடுன்னு பொதுவா சொல்றது தப்பு, மைனர் பாசிட்டிவ் எர்த்து (பேட்டரி பிளஸ்தான் பாடில சேந்திருக்கும்), அதுல மைனஸ்தான் எஃப்ல தொடணும், அதாவது பாடில எர்த்து ஆகாத முனை எதுவோ அது. அதுக்கும் முன்னாடி ஃபேன் பெல்ட்டு லூஸான்னு பாருங்க. அப்பறம் லூகாஸ்னா டைனமோல ரெண்டு ஒயரையும் கழட்டி டி, எஃப் ரெண்டையும் ஒரு துண்டு ஒயரால சேத்து, அதுக்கும் பாடிக்கும் நடுவுல மீட்டர் வெச்சு மெதுவா ரேஸ் குடுங்க. வோல்ட்டு சரசரன்னு ஏறுனா டைனமோ நல்லாருக்கு, கோளாறு ஒயர்லயோ கட் அவுட்லயோ (பேட்டரி கரண்டு டைனமோவுக்கு திரும்பாம தடுக்குற சுவிட்ச்). 20 வோல்ட்ட தொட விடாதீங்க, ரொம்ப ரேஸ் குடுத்தா கட்டுன காயில் தீஞ்சுரும். அரை, ஒரு வோல்ட்டுலயே நின்னா ஃபீல்டு காயில பாருங்க. ஒண்ணுமே வரலன்னா பிரஷ் சரியா ஒக்காந்திருக்கான்னு பாருங்க, அதுக்கப்பறம் காந்தம் ஏத்துங்க. ஐடில்ல லைட்டு லேசா மினுக்குனா பதறாதீங்க, டைனமோ அப்படித்தான், ஆல்டர்னேட்டர் மாதிரி ஐடில்லயே சார்ஜ் தராது.

காவேரிப்பட்டணம் மார்க் 2
@ஓசூர் அண்ணா, என்னுது நெகட்டிவ் எர்த்து, அதான் பிளஸ்னு எழுதுனேன். பெல்ட்டு டைட்டாதான் இருக்கு. இப்ப கமுட்டேட்டர்ல (ஆர்மேச்சர்ல பிரஷ் உரசுற செப்பு பாகம்) லேசா பொறி பறக்குது, பாலக்கோடு பக்கம் அத கடைசல் புடிச்சு, செப்பு பட்டைங்க நடுவுல இருக்குற மைக்காவ வெட்டித் தர ஆள் இருந்தா சொல்லுங்க.