பிரிந்தால் மன அழுத்தம் ஆண்களுக்குத்தான் கூடவா?

ஹட்டன்தங்கச்சி:
அண்ணனும் அண்ணியும் பிரிந்துவிட்டார்கள், விவாகரத்து வழக்கு நடக்கிறது. அண்ணன் கொழும்பில் கடை வேலையை விட்டுவிட்டு தோட்டத்து லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார், தூக்கம் இல்லை, குடியும் கூடிவிட்டது. அண்ணி பிள்ளையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுத் தினமும் கொழுந்து எடுக்கப் போகிறார், முன்னைவிடத் தெளிவாக இருக்கிறார். "அவளுக்கு மனசே இல்லை" என்கிறார் எங்கள் அம்மா. அப்படித்தானா?

பொகவந்தலாவைஅக்கா:
இல்லை தங்கச்சி. அண்ணி பட வேண்டியதை அந்த வீட்டுக்குள் இருக்கும்போதே பட்டு முடித்திருப்பார். அமெரிக்காவில் ஒஹாயோவில் 1990களில் 90 புதுமணத் தம்பதிகளை ஒரு நாள் ஆஸ்பத்திரியில் தங்க வைத்து, சண்டைக்குரிய விஷயங்களைப் பேசச் சொல்லி, இடையிடையே இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மனைவி குறை சொல்லும்போது கணவன் பேச்சைத் தவிர்த்து ஒதுங்கிய இடங்களில் மனைவியின் இரத்தத்தில் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோன் கூடுதலாகவே இருந்தது, கணவர்களின் இரத்தத்தில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. நம் பக்கத்திலும் பேச வந்தவுடன் எழுந்து கடைப்பக்கம் போகும் ஆம்பிளைகள் எத்தனை பேர்!

மஸ்கெலியாக்காரன்:
அக்கா சொல்வது சரி, ஆனால் அண்ணனை விட்டுவிடாதீர்கள். நானும் விவாகரத்தானவன். மனதில் உள்ளதைச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் மனைவிதான், அவர் போனதும் கூட்டாளிகள் ஆறுதல் என்று போத்தலோடுதான் வந்தார்கள். 1967இல் ஹோம்ஸ், ராஹே இருவரும் போட்ட அழுத்த அளவுகோலில் கல்யாணத்துக்கு 50, விவாகரத்துக்கு 73, அதற்கு மேல் துணையின் மரணம் மட்டும்தான். அண்ணனிடம் புத்தி சொல்லாமல் கூட உட்கார்ந்து பேசுங்கள், 1926க்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் பேசலாம்.

தலவாக்கலைசெல்வி:
வழக்கே பெரிய அழுத்தம். இலங்கையின் 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி சோரம் (வேறு ஆளோடு உறவு), கெட்ட எண்ணத்தோடு கைவிட்டது, கல்யாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு, இவைதான் காரணங்கள். இருவரும் ஒத்துக்கொண்டோம் என்பது காரணமாகாது, ஒருவர் மற்றவர்மேல் குற்றம் சொல்லியே ஆக வேண்டும், அதை ஊரே கேட்கும். அப்புறம் பணம். அண்ணி தெளிவாக இருந்தாலும் மழை நாளில் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம் மட்டும், விழுந்தால் பிள்ளையின் பால்மாவுக்கு என்ன செய்வார்? பிள்ளைக்கான தாபரிப்புப் பணத்தை நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம், விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அண்ணன் தானாகவே மாதாமாதம் கொடுத்தால் இன்னும் நல்லது, அதற்காகவாவது வேலைக்குத் திரும்புவார்.