'பேர் மெட்டல்', 'ஃப்ரீஸ்டாண்டிங்': இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

சிறிய கருனி (கெர்னல், இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒன்றை அடியிலிருந்து எழுதக் கற்பிக்கும் கையேட்டுக்காக, இயங்குதளம் இடையில் இல்லாமல் நிரல் வன்பொருளிலேயே நேரடியாக ஓடுவதைக் குறிக்கும் 'பேர் மெட்டல்' என்பதற்கு 'வெற்று உலோகம்' முன்மொழியப்பட்டுள்ளது. கணினியை உலோகம் என்று சொல்லும் வழக்கு தமிழில் இல்லாததால், படிப்பவருக்குக் கொல்லுப்பட்டறைதான் நினைவுக்கு வரும். 'தளமிலி' என்பதும் பொருந்தாது. எந்தத் தளத்திலும் இயங்குவது என்று அதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு, கருனியோ குறிப்பிட்ட செயலிக் கட்டமைப்போடு இறுகப் பிணைந்தது.

'நேர்வன்பொருள்' என்பதை நான் பரிந்துரைக்கிறேன். மல்டிபூட் என்னும் கருனி-ஏற்றல் நெறிமுறையில் கருனியை நினைவகத்தில் ஏற்றிவிடும் நிரல், செயற்கூறுகள் ஓடத் தேவையான நினைவகப் பகுதியான அடுக்கை (ஸ்டாக்) அமைத்துத் தருவதில்லை. சி மொழியில் எழுதிய முதல் செயற்கூறு ஓடுவதற்கு முன்பே, 16 கிலோபைட் போன்ற ஓர் இடத்தை ஒதுக்கி, அடுக்குச் சுட்டியை அசெம்பிளியில் நாமே பொருத்த வேண்டும். இடையில் யாரும் இல்லாத இந்த நிலையை 'நேர்' என்ற அடை சரியாகச் சுட்டுகிறது. கணினியை மென்பொருளாகவே போலச்செய்யும் க்யூஇஎம்யூவில் ஓட்டும்போது வன்பொருள் ஏது என்று கேட்கலாம். கருனி காணும் பதிவகங்களும் (ரெஜிஸ்டர்) முகவரிகளும் அதற்கு வன்பொருளே என்பதால், அங்கும் இச்சொல் நிற்கும்.

கையேட்டின் வரைவில் 'ஃப்ரீஸ்டாண்டிங்' என்பதற்கும் 'பேர் மெட்டலுக்கான' சொல்லையே பயன்படுத்தியிருப்பதை நான் ஏற்கவில்லை. அது நிரல் எங்கே ஓடுகிறது என்பதைப் பற்றியதன்று; எவற்றை நம்பி நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) வேலை செய்யலாம் என்பதைப் பற்றியது. சி மொழித் தரம் வகுக்கும் இரு சூழல்களில், செந்தர நூலகம் முழுவதும் கிடைப்பதை 'ஓம்பு சூழல்' என்றும், சில தலைப்புக் கோப்புகளுக்கு (ஹெடர்) மட்டுமே உறுதியளிப்பதைத் 'தனிச்சூழல்' என்றும் சொல்லலாம். தனிச்சூழலுக்கெனப் பெயர்த்த நிரலை, தொடக்கப் புள்ளியையும் அமைப்பு அழைப்புகளையும் நாமே எழுதிக்கொண்டால், லினக்ஸின் மீதே சாதாரணப் பயன்பாட்டு நிரலாக ஓட்ட முடியும். அது தனிச்சூழல் நிரல், ஆனால் நேர்வன்பொருள் நிரல் ஆகாது.

'ஃப்ரீஸ்டாண்டிங்' என்பதற்குச் 'சாராச் சூழல்' என்ற மாற்றுக் கருத்தும் வரலாம். ஜிசிசி என்னும் நிரல்பெயர்ப்பி, தனிச்சூழலிலும் மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப் ஆகிய நினைவகச் செயற்கூறுகள் நான்கும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறது. இவற்றை எழுதாத கருனி, பெயர்த்த கோப்புகளை ஒன்றிணைக்கும் இணைப்பியின் (லிங்க்கர்) கட்டத்தில் தடுக்கி விழக்கூடும். இவ்வளவு சார்ந்திருப்பதைச் 'சாரா' என்பது தொடக்கநிலையாளரைத் தவறான வழியில் விடும்.

நிரலின் பகுதிகளை எங்கே வைப்பது என்று இணைப்பிக்குச் சொல்லும் லிங்க்கர் ஸ்கிரிப்ட்டுக்கு வரைவிலுள்ள 'இணைப்பிக் குறிப்பு' எனக்கு உடன்பாடே.