மூன்று மாதம் கழித்தும் சாப்பாட்டுக்குப் பிறகு சிகரெட் ஆசை

சிகரெட்டை நிறுத்தி மூன்று மாதம் தாண்டிவிட்டது. எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் மாதத்திலேயே அடங்கிவிட்டன. ஆனால் சாப்பிட்டதும், காபி குடித்ததும் ஆசை திடீரென்று கிளம்புகிறது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. ஐந்து, பத்து நிமிடம் ஆட்டிவைத்துவிட்டுத்தான் அடங்குகிறது.

தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச் 21, 14, 7 மில்லிகிராம் என்று குறைத்துப் பத்து வாரத்தில் முடித்தாயிற்று. இப்போது 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மட்டும். மென்று, காரம் ஏறியதும் கன்னத்தோரம் ஒதுக்கிவைக்கிறேன். காபி குடித்துக் கால் மணி நேரமாவது போனால்தான் வாய் நிகோடினைச் சரியாக உறிஞ்சும். அதனால் சரியாக ஆசை வரும் நேரத்தில் அது கைகொடுப்பதில்லை. சாப்பிட்டதும் பல் தேய்ப்பது, நடப்பது ஓரளவு உதவுகிறது. காபியைப் பாதியாகக் குறைத்தும் மாற்றமில்லை.

சூயிங்கத்தையும் இப்போதே விட்டால் இந்த ஆசை சீக்கிரம் மங்குமா, இன்னும் சில வாரம் தொடர்வதுதான் நல்லதா?