தசைக்குள் சர்க்கரை போகும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், எங்களுக்கு ஊர் கிருஷ்ணகிரி. அப்பாவுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், ராகிக் களியையும் விடமாட்டார். ஆனால் கே.ஆர்.பி. அணைப் பக்கம் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்த நாளில்தான் அளவு நன்றாக இறங்குகிறது. ஏன் என்று தேடினேன். தசை சுருங்கும்போது இன்சுலின் தயவு இல்லாமலே குளுட்4 என்ற கடத்தி செல்லின் மேல்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுக்கிறதாம். சரி, அதுவரை புரிகிறது.

ஆனால் உடலே உருவாக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவுக்கு இதில் என்ன வேலை? அது ரத்தக் குழாயை விரிக்கும் என்று தெரியும், அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் 1998இல் நோபல் பரிசு. ஆனால் 2002இல் வந்த ஓர் ஆய்வில், சைக்கிள் மிதிப்பவர்களுக்கு அது உருவாகாமல் தடுத்தபோது, காலுக்குப் போகும் ரத்தம் குறையாமலே தசை சர்க்கரை எடுப்பது மட்டும் குறைந்திருக்கிறது, அதுவும் டைப் 2 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாக. அப்படியென்றால் தசைக்குள்ளேயே நேரடியாக ஏதோ செய்கிறதா? உடலியல் படித்தவர்கள் யாராவது விளக்குங்களேன்.

அப்புறம், பீட்ரூட் சாறு குடித்தால் நைட்ரிக் ஆக்சைடு கூடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதிலிருந்து அப்பா தினமும் கேட்கிறார். பிரஷர் மாத்திரையும் போடுகிறவர், அதனால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கமாட்டேன். வீட்டில் யாருக்காவது கொடுத்துப் பார்த்திருந்தால் சர்க்கரை அளவு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.